பூச்சி முடிச்சு: அபூர்வமான நோய், ஆனால் மறக்கக் கூடாத நோய்

(பெரகலப் பகுதித் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில் நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை இங்கே தரப்படுகிறது.)



கொழுந்து நிறுத்துவிட்டு, லயத்துக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். போய் அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளைகளுக்கு ரொட்டி சுட வேண்டும், எங்களுக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

போன கூட்டத்தில் ஒரு அம்மா ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, எங்க காலத்துலதான் புள்ளைங்களுக்கு வாயாலயும் மூக்காலயும் நாக்குப்பூச்சி வந்துச்சு. இப்ப யாருக்கு இருக்கு? எதுக்கு இன்னும் மாத்திரை மாத்திரைன்னு எங்கள அலைக்கழிக்கிறீங்க?" என்றார். நல்ல கேள்வி. அன்றைக்கு நேரம் இல்லாததால் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டுப் போனோம். இன்றைக்கு முழுப் பதிலையும் சொல்லப் போகிறோம். அதற்கு முதலில், நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் செய்த தவறு

நாங்கள் இந்த வேலைக்கு வந்த புதுசு. எந்தத் தோட்டம், எந்த லயம் என்று சொல்ல மாட்டோம். மழைக்காலம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒரு தாய் எங்களிடம் வந்து, "ஐயா, பையனுக்கு நேத்திலேருந்து வயித்துவலி. வலி வருது, விடுது, திரும்ப வருது. ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டான்" என்றார். பையனுக்கு ஆறு வயது. ஒல்லியான உடம்பு, பானை வயிறு.

"பூச்சி வயிறும்மா, வேற ஒண்ணுமில்ல. பூச்சி மாத்திரை வாங்கிக் குடுங்க, சரியாப் போகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, நாங்கள் வேறொரு கூட்டத்துக்குப் போய்விட்டோம். பையன் கடைசியாக எப்போது வெளிக்குப் போனான் என்று கேட்கவில்லை. வயிற்றைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

வீட்டில் மாத்திரை கொடுத்தார்கள். இராத்திரி வலி கூடியது. பாட்டி பாசத்தில் விளக்கெண்ணெய் கொடுத்தார். குடலேற்றம் என்று சொல்லி ஒருவர் எண்ணெய் தேய்த்து வயிற்றை அழுத்தி உருவிவிட்டார். யாரும் கெட்ட மனதோடு செய்யவில்லை. விடியற்காலையில் பையன் பச்சையாக வாந்தி எடுத்தான். அதோடு ஒரு நீளப் பூச்சியும் வந்தது. வயிறு மத்தளம் மாதிரி உப்பியிருந்தது. கொழுந்து லொறியில் போட்டுக்கொண்டு, பனிமூட்டத்தில் வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மீதிக் கதையைக் கடைசியில் சொல்கிறோம். அந்தப் பையனுக்கு வந்தது சாதாரணப் பூச்சித் தொல்லை இல்லை. பூச்சிகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, குடலை அடைத்துவிட்டன. அதைத்தான் பூச்சி முடிச்சு என்கிறோம்.

பூச்சி எப்படி உள்ளே போகிறது?

நாக்குப்பூச்சி என்று நாம் சொல்வதைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வட்டப்புழு என்று எழுதியிருக்கும். மண்புழு போலத்தான் இருக்கும், ஆனால் வெள்ளை, கொஞ்சம் சிவப்புக் கலந்த நிறம். பென்சில் பருமன். பெண் பூச்சி 20 முதல் 35 சென்றிமீற்றர் நீளம் வரை வளரும், அதாவது ஒரு அடி. மனிதரின் சிறுகுடலில் ஒன்று இரண்டு வருடம் வாழும். ஒரு பெண் பூச்சி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 இலட்சம் முட்டை இடும். முட்டை கண்ணுக்குத் தெரியாது. மலத்தோடு வெளியே போகும்.

அந்த மலம் மலசலகூடத்துக் குழிக்குள் போனால் கதை அங்கேயே முடிந்தது. கானிலோ, தேயிலை மலையிலோ, லயத்துக்குப் பின்னாலோ விழுந்தால் அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. ஈர மண்ணில், நிழலில், இரண்டு மூன்று வாரத்தில் முட்டைக்குள் குஞ்சு உருவாகும். நம்முடைய மலைநாட்டு மண் எப்போதும் ஈரம்தானே. அந்த முட்டை மண்ணுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

மண்ணில் விளையாடும் பிள்ளையின் நகத்திலும், கழுவாத கரட்டிலும், பச்சையாகச் சம்பல் போடும் வல்லாரையிலும் ஒட்டிக்கொண்டு அது வாய்க்குப் போகும். குடலில் பொரித்த குஞ்சு இரத்தத்தில் கலந்து ஈரலுக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் போகும். அதனால் சில பிள்ளைகளுக்கு இருமல்கூட வரும். பிறகு தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டு, மறுபடி குடலுக்கே வரும். முட்டையை விழுங்கிய நாளிலிருந்து இரண்டு மூன்று மாதத்தில் பெரிய பூச்சியாகி முட்டை இடத் தொடங்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். இந்தப் பூச்சி வயிற்றுக்குள்ளேயே குட்டி போட்டுப் பெருகுவதில்லை. ஒரு முட்டைக்கு ஒரு பூச்சிதான். அப்படியானால் ஒரு பிள்ளையின் வயிற்றில் அறுபது பூச்சி இருந்தால் என்ன அர்த்தம்? அந்தப் பிள்ளையின் வாய்க்கு அறுபது முட்டைக்குக் குறையாமல் போயிருக்கிறது. அந்தப் பிள்ளை விளையாடும் இடத்தில் மனித மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். இனிப்பு சாப்பிட்டதால் பூச்சி வந்தது என்று பிள்ளையை அடிக்கிறோமே, அது தப்பு. சீனியிலோ கருப்பட்டியிலோ பூச்சி பிறப்பதில்லை.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உலகத்தில் 150 கோடிப் பேர் வரையில் மண்ணால் பரவும் குடற்புழுக்களில் ஏதாவது ஒன்றைச் சுமக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ராஜாக்களையும் இது விடவில்லை. இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் 1485ஆம் ஆண்டு போரில் இறந்தார். அவருடைய எலும்புக்கூடு 2012இல் லெஸ்டர் நகரத்தில் தோண்டி எடுக்கப்பட்டது. இடுப்பெலும்புப் பக்கத்து மண்ணைச் சோதித்தபோது வட்டப்புழுவின் முட்டைகள் இருந்ததாக ஆராய்ச்சியாளர்கள் 2013இல் அறிவித்தார்கள். 500 வருடத்துக்கு மேலாகியும் முட்டையின் ஓடு அழியவில்லை. அவ்வளவு கெட்டியான ஓடு.

முடிச்சு எப்படி விழுகிறது?

ஐந்து பத்துப் பூச்சி இருந்தால் பிள்ளை மெலியும், பசி குறையும், படிப்பில் மந்தமாகும். அடைப்பு வராது. பூச்சி நிறையச் சேர்ந்தால்தான் ஆபத்து. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் பேராசிரியர் நிலாந்தி டி சில்வாவும் அவருடன் சேர்ந்தவர்களும் உலகத்தின் பல நாடுகளில் எழுதப்பட்ட நோயாளர் விபரங்களைத் திரட்டி 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குடல் அடைபட்டவர்களின் வயிற்றில் பெரும்பாலும் 60க்கு மேற்பட்ட பூச்சிகள் இருந்திருக்கின்றன. உயிர் போனவர்களிடம் அதைவிடப் பல மடங்கு.

சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடம் குறுகலானது. பெரும்பாலும் அங்கேதான் பூச்சிகள் திரண்டு உருண்டையாகும். சின்னப் பிள்ளைகளின் குடல் இன்னும் ஒடுக்கம். அதனால்தான் இது அதிகமாகப் பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வருகிறது. பீலிக் குழாயில் சருகு அடைத்தால் என்ன ஆகும்? மேலே தண்ணீர் தேங்கும், கீழே ஒரு சொட்டும் வராது. குடலும் அப்படித்தான். மேலே தேங்கியது வாந்தியாக வரும். கீழே மலமும் போகாது, காற்றும் பிரியாது. உருண்டையின் பாரத்தால் சில நேரம் குடலே முறுக்கிக்கொள்ளும். அப்போது அந்தப் பகுதிக்கு இரத்தம் போகாமல் குடல் கறுத்து அழுகும், ஓட்டையாகும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மணித்தியாலமும் உயிரோடு விளையாட்டுத்தான்.

அடையாளங்கள்

ஒன்று, வயிற்றுவலி விட்டுவிட்டு வரும். வலி வரும்போது பிள்ளை சுருண்டு அழும், விட்டதும் சோர்ந்து கிடக்கும்.

இரண்டு, வாந்தி. முதலில் சாப்பிட்டது வரும், பிறகு மஞ்சள், பிறகு பச்சை. சில நேரம் பூச்சியும் வரும். பச்சை வாந்தி எடுக்கும் பிள்ளையை ஒரு நிமிஷமும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

மூன்று, வயிறு உப்பும்.

நான்கு, மலமும் காற்றும் நின்றுபோகும்.

ஐந்து, சில பிள்ளைகளின் வயிற்றில் பிசைந்த மாவு உருண்டை போல ஒரு கட்டி கையில் தட்டுப்படும். இன்றைக்கு ஒரு இடத்தில், நாளைக்கு வேறு இடத்தில் இருக்கும்.

இவற்றோடு காய்ச்சல் வந்தாலோ, தொட்டாலே பிள்ளை அலறினாலோ, வயிறு பலகை போல் இறுகினாலோ, மலத்தோடு இரத்தம் போனாலோ குடல் பழுதடையத் தொடங்கிவிட்டது என்று வைத்தியர்கள் சந்தேகிப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே அடையாளங்கள் வேறு நோய்களுக்கும் உண்டு. அப்பென்டிக்ஸ் இருக்கலாம். கவட்டுப் பக்கம் குடல் இறங்கி மாட்டிக்கொண்டிருக்கலாம். கைக்குழந்தை விட்டுவிட்டு வீரிட்டு அழுது, சிவப்பு ஜெலி போல மலம் போனால், குடலுக்குள் குடல் நுழைந்திருக்கலாம். இன்றைக்கு இவைதான் பூச்சி முடிச்சைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. ஆகவே "இது பூச்சிதான்" என்று நீங்களும் முடிவு கட்ட வேண்டாம், எங்களைப் போன்றவர்களும் முடிவு கட்டக் கூடாது. நாங்கள் அன்றைக்குச் செய்தது அந்தத் தப்புத்தான். என்ன அடைப்பு என்று பார்ப்பது வைத்தியரின் வேலை. அடைப்பு என்று சந்தேகப்பட்டு உடனே கொண்டுபோவது நம் வேலை.

செய்யக் கூடாதவை

பேதி மருந்து, விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். அடைபட்ட குடலைப் பேதி மருந்து இன்னும் பலமாகத் தள்ளும். குடல் கிழியலாம்.

வயிற்றை உருவவோ, அழுத்தவோ, குடலேற்றம் தட்டவோ விடாதீர்கள். பழுதடைந்த குடல் ஈரக் காகிதம் மாதிரி இருக்கும்.

அந்த நேரத்தில் பூச்சி மாத்திரை கொடுக்காதீர்கள். இதுதான் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். "பூச்சியால வந்த நோய்க்குப் பூச்சி மருந்து குடுக்காம வேற என்ன குடுக்கிறது?" என்று கேட்பீர்கள். குடல் திறந்திருக்கும்போது மாத்திரை கொடுத்தால், செத்த பூச்சி மலத்தோடு வெளியே போய்விடும். அடைபட்டிருக்கும்போது கொடுத்தால் பூச்சிகள் அங்கேயே கலைந்து புரண்டு, அல்லது செத்துக் குவிந்து, அடைப்பு இறுகிப்போகலாம். ஆஸ்பத்திரியில் அடைப்பு விட்ட பிறகுதான் பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம்.

சாப்பாடு, பால், தேத்தண்ணி கொடுக்காதீர்கள். உதட்டை நனைத்துவிட்டால் போதும். தண்ணீர்ச் சத்துக்கு ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுவார்கள்.

விடியட்டும், மழை விடட்டும், சம்பளம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நேர்த்தி வைப்பதும் திருநீறு பூசுவதும் உங்கள் விருப்பம். அதைப் போகிற வழியில் செய்துகொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை

1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்து 2019இல் நாடு முழுவதற்கும் வந்தது. அழைப்புக்கும் காசு இல்லை, வண்டிக்கும் காசு இல்லை. எங்கள் காலத்தில் கொழுந்து லொறியைத் தேடி ஓடியது போல நீங்கள் ஓடத் தேவையில்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்தில் இருக்கும் பெரிய அடையாளம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். கொழும்பு ரோட்டும் அப்புத்தளை ரோட்டும் சேரும் பெரகல சந்தி எல்லோருக்கும் தெரிந்த இடம். அங்கிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று சொன்னால் லேசாகக் கண்டுபிடிப்பார்கள். லயத்து ரோட்டில் வண்டி ஏறாது என்றால், நாலு பேர் சேர்ந்து பிள்ளையைப் பெரிய ரோட்டுக்குத் தூக்கி வந்துவிடுங்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் ஈ.எம்.ஏ. இருந்தால் உடனே காட்டலாம். ஆனால் அங்கே எக்ஸ்ரேயும் இல்லை, ஆபரேஷன் அறையும் இல்லை. இந்த நோய்க்கு சத்திரசிகிச்சை நிபுணர் வேண்டும். தியத்தலாவை ஆஸ்பத்திரிக்கோ பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ அனுப்பினால், "ஏன் அவ்வளவு தூரம்" என்று தயங்காமல் போங்கள்.

வைத்தியரிடம் நாலு விஷயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். வலி எப்போது தொடங்கியது. கடைசியாக மலம் எப்போது போனது. வாந்தியிலோ மலத்திலோ பூச்சி வந்ததா. கடைசியாகப் பூச்சி மாத்திரை எப்போது கொடுத்தீர்கள். வீட்டில் ஏதாவது மருந்து கொடுத்திருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஏசுவார்கள் என்று பயந்து மறைத்தால் பாதிப்பு பிள்ளைக்குத்தான். இப்போது இந்த நோய் குறைந்துபோனதால், இளம் வைத்தியர்களில் பலர் இதைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருப்பார்கள். "பூச்சி வந்துச்சு" என்று நீங்கள் சொல்லும் ஒரு சொல் அவர்களுக்குப் பெரிய உதவி. தமிழ் தெரிந்தவர் இல்லாவிட்டால் சிங்களத்தில் மூன்று சொல் போதும். பூச்சிக்குப் "பணுவோ". வயிறு வலிக்கிறது என்பதற்கு "பட ரிதெனவா". வாந்தி எடுக்கிறது என்பதற்கு "வமனே யனவா". இப்பவே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

பிள்ளையின் மூக்கில் குழாய் விடுவதைப் பார்த்து, கழற்றிவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மாரும் உண்டு. அதனால் ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல்கிறோம்.

முதலில் வயிற்றைக் கையால் பார்த்து, குழல் வைத்துச் சத்தம் கேட்பார்கள். பிறகு எக்ஸ்ரே. அடைப்புக்கு மேலே காற்றும் தண்ணீரும் தேங்கியிருப்பது அதில் தெரியும். சில நேரம் பூச்சிக் கும்பலின் நிழலே சுருட்டுக் கட்டு மாதிரித் தெரியும். அடுத்தது ஸ்கேன். கர்ப்பிணிகளுக்கு எடுப்பார்களே, அதே ஸ்கேன்தான், வலியில்லை. அதில் பூச்சி நீளவாக்கில் இரண்டு சமாந்தரக் கோடாகத் தெரியும். வைத்தியர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே ரெயில் தண்டவாளம். அப்புத்தளையில் தண்டவாளம் பார்த்து வளர்ந்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

மூக்கு வழியாக வயிற்றுக்கு விடும் குழாய், தேங்கியிருக்கும் பச்சைத் தண்ணீரை வெளியே எடுக்கத்தான். அது வெளியேறினால் வாந்தி நிற்கும், உப்பல் குறையும். வாயில் ஒன்றும் கொடுக்காமல் சேலைன் ஏற்றுவார்கள். குடலின் இறுக்கத்தைத் தளர்த்த ஊசி போடலாம். சில இடங்களில் பின்வழியாக உப்புத் தண்ணீர் செலுத்தியோ, குழாய் வழியாக ஒரு வகைத் திரவ மருந்து விட்டோ பூச்சிகளைக் கலைத்து இறக்கப் பார்ப்பார்கள். நேரத்தோடு கொண்டுபோன பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு நாளில் முடிச்சுத் தானாகவே கலைந்து, பூச்சிகள் பெருங்குடலுக்கு இறங்கிவிடும். கத்தியே தேவையில்லை. நேரத்தோடு போவதன் இலாபம் அதுதான்.

அப்படிக் கலையாவிட்டால், அல்லது காய்ச்சல், இரத்தம், வயிறு இறுகல் போன்றவை இருந்தால், ஆபரேஷன். அப்போதும் முதலில் குடலை வெட்டுவதில்லை. வயிற்றைத் திறந்து, குடலுக்கு வெளியே இருந்தே விரலால் மெதுவாகப் பூச்சிகளைப் பெருங்குடலுக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் சின்னதாகக் குடலைத் திறந்து பூச்சிகளை எடுத்துத் தைப்பார்கள். குடல் கறுத்திருந்தால் மட்டும் அந்தத் துண்டை வெட்டிவிட்டு இரண்டு பக்கத்தையும் இணைப்பார்கள்.

சுகமாகி வீட்டுக்கு வந்த பிறகும் வேலை முடியவில்லை. மாத்திரை குடலில் இருக்கும் பூச்சியைத்தான் கொல்லும். நுரையீரலில் சுற்றிக்கொண்டிருக்கும் குஞ்சுகள் பிறகு குடலுக்கு வரும். அதனால் இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி மருந்து கொடுக்கச் சொல்வார்கள். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் மருந்து தேவையா என்று கேளுங்கள். ஒரே கானில் விளையாடியவர்கள்தானே.

ஏன் அபூர்வமானது?

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறோம்.

1992இல் தோட்டப்புறம் முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 3 முதல் 12 வயது வரையான பிள்ளைகளிடமும், பிள்ளை பெறும் வயதுப் பெண்களிடமும் சோதித்துப் பார்த்ததில், 100க்கு 90 பேருக்கு மேல் ஏதோ ஒரு குடற்பூச்சி இருந்தது. இந்தக் கூட்டத்தில் முப்பத்தைந்து தாண்டிய எல்லோரும் அந்தக் காலத்துப் பிள்ளைகள்தான். 1994இலிருந்து 3 முதல் 18 வயது வரையானவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை தோட்டம் தோட்டமாகப் பூச்சி மருந்து கொடுத்தார்கள். 2005 வரை அது நடந்தது. பிறகு நின்றது.

நின்று நாலு வருடம் கழித்து மறுபடி சோதித்தார்கள். ஐந்து மாவட்டங்களில் 114 பள்ளிக்கூடங்கள், 1890 பிள்ளைகள். 100க்கு 29 பேருக்குப் பூச்சி இருந்தது. அதில் அதிகமானது இந்த நாக்குப்பூச்சிதான். உயரம் குறைந்த தோட்டங்களிலும், தாய் அதிகம் படிக்காத வீடுகளிலும் எல்லாப் பூச்சியும் கூடுதல் என்றும், மலசலகூட வசதி சரியில்லாத வீடுகளில் நாக்குப்பூச்சி அதிகம் என்றும் கண்டுபிடித்தார்கள். மருந்தை மறுபடி தொடர வேண்டும், சுத்தத்தையும் கவனிக்க வேண்டும் என்பது அவர்களுடைய முடிவு.

90க்கு மேலிருந்து 29. இதை இரண்டு விதமாகப் பார்க்கலாம். மருந்து பெரிய வேலை செய்திருக்கிறது என்பது ஒன்று. மருந்து மட்டும் போதாது என்பது மற்றொன்று. மருந்து பிள்ளையின் வயிற்றைச் சுத்தமாக்கும், லயத்து மண்ணைச் சுத்தமாக்காது. மண்ணில் முட்டை இருக்கும் வரைக்கும், நாம் மருந்தை விட்டால் பூச்சி திரும்ப வரும். பூச்சி நிறையச் சேர்ந்தால் முடிச்சும் வரும். இந்த நோய் அபூர்வமானது அதிர்ஷ்டத்தால் இல்லை அம்மா. உங்களை அலைக்கழித்துக் கொடுத்த அந்த மாத்திரையால்தான்.

நம் கையில் இருப்பது

கிளினிக்கிலும் பள்ளிக்கூடத்திலும் பூச்சி மருந்து கொடுக்கும் நாளில் பிள்ளையை மறிக்காதீர்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மெபெண்டசோல் 500 மில்லிகிராம் அல்லது அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. அதைவிடச் சின்னப் பிள்ளைக்கு எப்போது, எவ்வளவு என்று மிட்வைப் சொல்வார். கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதத்தில் தாங்களாக எடுக்கக் கூடாது. பிறகு கிளினிக்கில் தருவார்கள். மாத்திரைக்குப் பிறகு பூச்சி விழுந்தால் பயப்பட வேண்டாம், அது நல்லதுதான். ஆனால் வயிறு முறுக்கி வாந்தி வந்தால் உடனே சொல்லுங்கள். நோயில்லாத நேரத்தில் கொடுக்கும் மாத்திரை வேறு, அடைப்பு வந்த பிறகு வீட்டில் கொடுக்கும் மாத்திரை வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"சின்னப் புள்ளை மலம் ஒண்ணும் செய்யாது" என்று கானில் விடாதீர்கள். கூடுதலாக முட்டை இருப்பதே சின்னப் பிள்ளைகளின் மலத்தில்தான். அதை எடுத்து மலசலகூடத்தில் போடுங்கள்.

மலைக்குப் போகும்போது ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு துண்டு சவுக்காரமும் கொண்டுபோங்கள். கொழுந்து பறித்த கையோடு ரொட்டி பிய்த்துச் சாப்பிடுகிறோம். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். பிள்ளைகளின் நகத்தை வாரத்துக்கு ஒருமுறை வெட்டுங்கள். வல்லாரை, கரட், கோவா எதையும் ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள்.

எல்லாப் பாரத்தையும் தாய்மார் தலையில் கட்டிவிட்டு நாங்கள் ஒதுங்கப் போவதில்லை. மலசலகூடத்தின் கதவு உடைந்திருந்தால், குழி நிரம்பியிருந்தால், தண்ணீர் வராவிட்டால், இராத்திரி நேரம் பொம்பிளைப் பிள்ளை எப்படி அங்கே போவாள்? கானுக்குத்தான் போவாள். ஆகவே உடைந்தது, நிரம்பியது எல்லாவற்றையும் எங்களிடம் சொல்லுங்கள். ஒரு தடவை சொல்லி நடக்காவிட்டால் மறுபடி சொல்லுங்கள். எழுதித் தாருங்கள். திருத்த வைப்பது எங்கள் கடமை. அதைக் கேட்பது உங்கள் உரிமை.

கடைசியாக

அந்தப் பையனின் மீதிக் கதையைச் சொல்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். குடலில் ஒரு சாண் நீளம் கறுத்துப் போயிருந்ததால் வெட்டி எடுத்துவிட்டு இணைத்தார்கள். எடுத்த பூச்சிகளை ஒரு கிடாரத்தில் போட்டு எங்களுக்குக் காட்டினார்கள். எண்ண மனம் வரவில்லை. வைத்தியர் எங்களை ஏசவில்லை. "முதல் நாளே கொண்டுவந்திருந்தால் ஒருவேளை வெட்டாமலே முடிந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை இன்றைக்கும் எங்கள் காதில் கேட்கிறது.

பையன் பிழைத்துக்கொண்டான். இப்போது வளர்ந்து கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு வந்தால் எங்களைத் தேடி வந்து பார்த்துவிட்டுப் போவான். அவன் அம்மா ஒரு நாளும் எங்களைக் குறை சொன்னதில்லை. அன்றைக்கு நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வியை இன்றைக்கு உங்கள் எல்லோரிடமும் கொடுத்துவிட்டோம். இனி எந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாலும், முதலில் கேளுங்கள்: "கடைசியா எப்ப வெளிக்குப் போன? காத்துப் பிரியுதா?" இல்லை என்றால், வாயில் ஒன்றும் கொடுக்காமல், வயிற்றில் கை வைக்காமல், 1990க்கு அழையுங்கள்.

அடுத்த பூச்சி மாத்திரை நாளைப் பிள்ளை மடுவத்துக் கதவில் ஒட்டியிருக்கிறோம். வெளியே போகும்போது பார்த்துக்கொண்டு போங்கள்.